வழக்கில் இல்லாதவர்கள்: 142ஆவது பிரிவும் உச்ச நீதிமன்றமும்

2024 செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த ஒரு வழக்கின் வேர் 17,500 ரூபாய். உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளி ஒருவரின் மகன், தலித் மாணவர், தன்பாத் ஐஐடியில் மின்பொறியியல் படிக்க இடம் பெற்றிருந்தார். ஜூன் 24 மாலை 5 மணிக்குள் கட்டணத்தை இணையத்தில் செலுத்தியிருக்க வேண்டும். அங்கே இங்கே கேட்டுப் பணத்தைப் புரட்டி முடிப்பதற்குள் கெடு தாண்டிவிட்டது. அந்த ஆண்டின் நுழைவுத் தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் சென்னை உயர் நீதிமன்றத்தின் கதவையும் அவர் தட்டினார். பிறகுதான் டெல்லி. விதிமுறை மாணவருக்கு எதிராக இருந்தது. ஆனாலும் தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு அவரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. அவருக்காகக் கூடுதலாக ஓர் இடத்தை உருவாக்கச் சொன்னதால் ஏற்கெனவே சேர்ந்த எந்த மாணவரும் இடம் இழக்கவில்லை.

இந்தத் தீர்ப்புக்கு ஆதாரமாகச் சுட்டக்கூடிய சட்டமோ கல்லூரி விதியோ எதுவும் இல்லை. நீதிமன்றம் கையில் எடுத்தது அரசமைப்புச் சட்டத்தின் 142ஆவது பிரிவை.

உச்ச நீதிமன்றத்தின் அதிகாரங்களில் பெரும்பாலானவை வாசகருக்குத் தெரிந்தவையே. அடிப்படை உரிமை பறிபோனால் நேரே அதனிடம் போகலாம் என்கிறது 32ஆவது பிரிவு. நாட்டின் எந்த நீதிமன்றத் தீர்ப்பையும் தன் விருப்புரிமையில் மேல்முறையீட்டுக்கு எடுத்துக்கொள்ள வழிசெய்கிறது 136. அது அறிவிக்கும் சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்பது 141. குடியரசுத் தலைவர் கேட்டால் கருத்துச் சொல்வது 143. இவற்றுக்கெல்லாம் வரையறை உண்டு, நடைமுறை உண்டு, பல பத்தாண்டுகளின் தீர்ப்பு மரபும் உண்டு. 142 அப்படியல்ல. தன் முன் நிலுவையில் உள்ள எந்த வழக்கிலும் முழுமையான நீதி வழங்கத் தேவையான எந்த ஆணையையும் உச்ச நீதிமன்றம் பிறப்பிக்கலாம் என்கிறது அது. முழுமையான நீதி என்றால் என்ன என்று எங்கும் விளக்கம் இல்லை. 1949 மே மாதம் அரசமைப்பு நிர்ணய சபைக்கு இது வரைவின் 118ஆவது பிரிவாக வந்தபோது விவாதமே இன்றி நிறைவேறியது. வார்த்தைக்கு வார்த்தை சண்டையிட்ட சபை இதை ஏன் அப்படியே விட்டது என்ற வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை. பாகிஸ்தான், வங்கதேச அரசமைப்புகளிலும் இதே போன்ற பிரிவுகள் இருக்கின்றன; துணைக்கண்டத்துக்கே உரிய ஏற்பாடு என்று சொல்லலாம்.

அந்த வாசகத்தில் இரண்டு கட்டுகள் மட்டும் ஒளிந்திருக்கின்றன. வழக்கு அந்த நீதிமன்றத்தின் முன் நிலுவையில் இருக்க வேண்டும். ஆணை அந்த வழக்குக்குத் தேவையானதாக இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படித்தால், முன்னால் நிற்பவருக்கான நிவாரணம் என்பதே இந்தப் பிரிவின் இயல்பு என்று தெரியும். எழுபத்தைந்து ஆண்டுகளில் 142 எங்கெல்லாம் நன்மை செய்தது, எங்கெல்லாம் சிக்கலில் மாட்டியது என்று பார்த்தால், கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான் விடையைத் தீர்மானிக்கிறது: ஆணையின் பாரத்தைச் சுமக்கப் போகிறவர் அந்த வழக்கில் இருந்தாரா?

தொடக்கத்தில் நீதிமன்றமே இந்த அதிகாரத்தை அடக்கித்தான் வைத்திருந்தது. 32ஆவது பிரிவின் கீழ் மனுச் செய்பவரிடம் பிணைத்தொகை கட்டச் சொல்ல இடம்தரும் விதி ஒன்றை உச்ச நீதிமன்றமே வகுத்திருந்தது. பிரேம் சந்த் கார்க் என்பவர் அதை எதிர்த்தார். 1962இல் அரசியல் சாசன அமர்வு, தன் சொந்த விதியையே செல்லாது என்றது. அடிப்படை உரிமைக்கு மாறாகவோ, நடப்பிலுள்ள சட்டத்தின் தெளிவான விதிக்கு மாறாகவோ 142ஐப் பயன்படுத்த முடியாது என்று நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதினார்.

இந்தக் கட்டு போபாலில் அவிழ்ந்தது. 1984 டிசம்பர் 2 இரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்த நச்சுவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. மறு ஆண்டே ஒரு சட்டம் போட்டு, பாதிக்கப்பட்ட அனைவர் சார்பிலும் வழக்காடும் உரிமையை மத்திய அரசு தன்னிடம் எடுத்துக்கொண்டது. அரசு கேட்டது 330 கோடி டாலர். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது கேள்வி மிகச் சிறியது. இடைக்கால நிவாரணமாக மாவட்ட நீதிபதி 350 கோடி ரூபாய் விதித்திருந்தார். மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அதை 250 கோடியாகக் குறைத்திருந்தது. எது சரி என்பதுதான் விசாரணை. 1989 பிப்ரவரி 14 அன்று, தலைமை நீதிபதி ஆர்.எஸ். பாடக் தலைமையிலான அமர்வு அந்தச் சிறு கேள்வியைத் தாண்டி முழு வழக்கையுமே முடித்துவைத்தது. 47 கோடி டாலர் கட்டினால் போதும். உரிமையியல் வழக்குகள் மட்டுமல்ல, குற்றவியல் வழக்குகளும் முடிந்தன. காரணங்களை விளக்கும் ஆணை மே மாதம்தான் வந்தது.

கணவனையோ குழந்தையையோ பறிகொடுத்து, நுரையீரல் வெந்து கிடந்த மக்கள் அந்த மண்டபத்தில் இல்லை. இந்தத் தொகை போதுமா என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியது. 1991 அக்டோபரில் வந்த சீராய்வுத் தீர்ப்பு குற்றவியல் வழக்குகளுக்கு உயிர் கொடுத்தது; தொகையை மாற்ற மறுத்தது. பாதிக்கப்பட்டோரின் கருத்தைக் கேட்காதது உடன்பாட்டைச் செல்லாததாக்கிவிடாது என்றது. போகிற போக்கில், சாதாரணச் சட்டங்களில் உள்ள தடைகள் 142ஐத் தானாகவே கட்டுப்படுத்தாது என்றும் எழுதி வைத்தது. 1962இல் போட்ட பூட்டு அதோடு திறந்துகொண்டது. தொகை போதவில்லை என்று 2010இல் மத்திய அரசே, சீராய்வுக்கும் பிறகு எஞ்சும் கடைசி வழியான ‘கியூரேட்டிவ்’ மனு போட்டது. 2023 மார்ச் 14 அன்று ஐந்து நீதிபதிகள் அதைத் தள்ளுபடி செய்தார்கள். 142இன் வரலாற்றில் இதைவிட மோசமான அத்தியாயம் இல்லை என்பது என் கருத்து. கருணையால் செய்தோம், நீண்டகாலம் இழுபட்டால் மக்களுக்கு எதுவும் கிடைக்காது என்று நீதிபதிகள் சொன்ன காரணத்தில் உண்மை இருக்கலாம். ஆனால் ஒருவருடைய இழப்பை அவர் இல்லாத இடத்தில் விலைபேசி முடிப்பது முழுமையான நீதி ஆகாது.

1995இல் இன்னொரு எல்லை மீறல். நீதிமன்ற அவமதிப்புக்காக, அப்போது இந்திய பார் கவுன்சிலின் தலைவராக இருந்த மூத்த வழக்கறிஞரைத் தண்டித்த உச்ச நீதிமன்றம், மூன்றாண்டுகளுக்கு அவர் வழக்காடவும் தடை விதித்தது. வழக்கறிஞர் உரிமத்தை முடக்கும் அதிகாரத்தைச் சட்டம் பார் கவுன்சிலுக்குத்தான் தந்திருக்கிறது. 1998இல் ஐந்து நீதிபதிகள் அந்தத் தடையை நீக்கி, 142 சட்டத்துக்குத் துணை நிற்கலாம், சட்டத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்கார முடியாது என்று சொன்னார்கள். வழக்கறிஞர் சங்கம் போட்ட வழக்கு என்பதால் இத்தனை விரைவில் திருத்தம் வந்தது என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. போபால்காரர்களுக்கு அந்த வேகம் வாய்க்கவில்லை.

தமிழ்நாட்டு வாசகருக்கு மிகப் பழக்கமான 142 வழக்கு ஒன்று உண்டு. ஆனால் அது 142 என்று பலருக்கும் தெரியாது. நெடுஞ்சாலையோர டாஸ்மாக் கடைகளை மூடக் கோரி பாமகவின் வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கு அது. மேல்முறையீட்டில் 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடையே கூடாது என்று நாடு முழுமைக்கும் உத்தரவிட்டது. நோக்கத்தில் யாரும் குறை காண முடியாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிச் செத்தவர்களின் பட்டியல் நீளம். 2017 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டன.

அதற்குப் பிறகு நடந்ததுதான் படிக்க வேண்டிய பாடம். 500 மீட்டர் என்ற எண் எந்தச் சட்டமன்றத்திலும் விவாதிக்கப்பட்டதல்ல. சிறிய ஊர்களில் ஊரே 500 மீட்டருக்குள் அடங்கிவிடும் என்பது பிறகுதான் உறைத்தது; இருபதாயிரத்துக்கு மேற்படாத மக்கள்தொகை உள்ள உள்ளாட்சிகளுக்கு 220 மீட்டர் என்று மார்ச் 31 அன்று மாற்றினார்கள். மாநிலங்கள் நெடுஞ்சாலைகளை உள்ளாட்சிச் சாலைகளாகப் பெயர் மாற்றத் தொடங்கின. கேரளத்தில் ஒரு மதுக்கூடக்காரர் வாசலுக்குப் போகும் பாதையை வளைத்து வளைத்துக் கட்டி தூரத்தைக் கூட்டிக் காட்டினார். அந்தக் குறும்பை ரசிக்கலாம். தமிழ்நாட்டில் நடந்ததில் ரசிக்க ஒன்றுமில்லை. நெடுஞ்சாலையிலிருந்து பெயர்த்த கடைகளை அரசு குடியிருப்புகளுக்கு நடுவே கொண்டுபோய் வைத்தது. பெண்கள் தெருவில் இறங்கினார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போலீஸ் அவர்களைத் தடியால் அடித்தது. அந்தப் பெண்களோ, ஒரே நாளில் வேலையிழந்த மதுக்கூட, விடுதி ஊழியர்களோ உச்ச நீதிமன்ற வழக்கில் இல்லை. அந்த ஆண்டு ஜூலைக்குள், நகர எல்லைக்குள் இந்த ஆணை பொருந்தாது என்ற விளக்கமும் வந்து, பாதி ஆணை கரைந்துபோனது.

எல்லாருக்குமான விதியை நீதிமன்றம் செய்யவே கூடாது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற கிராமப் பணியாளர் ஒருவர் வன்கொடுமைக்கு ஆளானதைத் தொடர்ந்து வந்த விசாகா வழக்கில், பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான நெறிகளை 1997 ஆகஸ்டில் தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையிலான அமர்வு வகுத்தது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2013இல் தான் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. இடைப்பட்ட காலத்தில் இந்தியப் பெண்களுக்கு இருந்த முதன்மையான பாதுகாப்பு அந்தத் தீர்ப்பு. ஆனால் விசாகா நின்றது அடிப்படை உரிமைகளின் மேல், 32ஆவது பிரிவின் மேல். சட்டமே இல்லாத வெற்றிடத்தில், சட்டம் வரும் வரைக்கும் என்று சொல்லிச் செய்யப்பட்டது. அதே துணிவோடு 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் போலீஸ் சீர்திருத்தத்துக்காக ஏழு கட்டளைகள் பிறந்தன. மாநில அரசுகள் அவற்றைப் படுத்திய பாடு, விரும்பாத அரசை நீதிமன்றம் எவ்வளவு தூரம் இழுத்துச் செல்ல முடியும் என்பதற்குச் சாட்சி.

மணவிலக்கு விஷயம் வேறு வகை. இனிச் சேரவே முடியாதபடி மணவாழ்வு முறிந்துவிட்டது என்பது இந்து திருமணச் சட்டத்தில் மணவிலக்குக்கான காரணம் அல்ல. 1978இலும் 2009இலும் சட்ட ஆணையம் அதைச் சேர்க்கச் சொன்னது. 2013இல் மாநிலங்களவை மசோதாவை நிறைவேற்றியது. அது சட்டமாகாமலே காலாவதியாயிற்று. 2023 மே 1 அன்று ஐந்து நீதிபதிகள், 142இன் கீழ் இந்தக் காரணத்துக்காக உச்ச நீதிமன்றம் மணவிலக்கு தரலாம் என்று தீர்ப்பளித்தார்கள். இரு தரப்பும் முன்னால் நிற்கிறார்கள், ஆகவே என் அளவுகோலின்படி இதில் குறை இல்லை. ஆனால் இந்த நிவாரணத்தைக் குடும்ப நீதிமன்றம் தர முடியாது. உயர் நீதிமன்றமும் தர முடியாது. பரமக்குடியிலோ தர்மபுரியிலோ இருக்கும் பெண் அதைப் பெற டெல்லி வரை வழக்கை இழுக்க வேண்டும். அதற்கேற்ற வழக்கறிஞரும் பணமும் காலமும் வேண்டும். வசதி உள்ளவருக்கு மட்டும் கிட்டும் மணவிலக்குக் காரணம் ஒன்று இந்தியாவில் இருக்கிறது என்பதை இப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இதில் குற்றவாளி நீதிமன்றம் அல்ல, மசோதாவைக் கிடப்பில் போட்ட நாடாளுமன்றம்.

பேரறிவாளன் வழக்கையும் 2025இன் மசோதா வழக்கையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன்தரும். இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஆளுநர் மாளிகையின் மௌனம்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூனில் 19 வயதில் கைதான பேரறிவாளனுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை, கருணை மனுவை முடிவு செய்வதில் ஏற்பட்ட நெடுந்தாமதத்தால் 2014 பிப்ரவரியில் ஆயுளாகக் குறைந்தது. 2018 செப்டம்பர் 9 அன்று தமிழக அமைச்சரவை அவரை விடுவிக்கப் பரிந்துரைத்தது. ஆளுநர் இரண்டாண்டுகளுக்கு மேல் முடிவெடுக்காமல் இருந்துவிட்டு, 2021 ஜனவரியில் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். ஆளுநரின் தண்டனைக் குறைப்பு அதிகாரத்தைச் சொல்லும் 161ஆவது பிரிவின் கீழ் அமைச்சரவையின் முடிவு ஆளுநரைக் கட்டுப்படுத்தும். அதை வேறிடத்துக்கு அனுப்ப அவருக்கு அதிகாரம் இல்லை என்று 2022 மே 18 அன்று நீதிபதி நாகேஸ்வர ராவ் தலைமையிலான அமர்வு சொன்னது. மறுபடியும் ஆளுநரிடமே அனுப்பி பேரறிவாளனை இன்னும் காத்திருக்க வைப்பது பொருந்தாது என்று, 142இன் கீழ் தானே விடுதலை செய்தது. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்கு இந்தத் தீர்ப்பு வலித்தது. அந்த வலியை யாரும் சிறுமைப்படுத்தக் கூடாது. ஆனால் விடுவிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்தது நீதிமன்றம் அல்ல. அந்த முடிவை அதற்குரிய அமைச்சரவை ஏற்கெனவே எடுத்திருந்தது. இடையில் கிடந்த முட்டுக்கட்டையை மட்டும் நீதிமன்றம் அகற்றியது. 142க்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை.

மசோதா வழக்கில் முதல் பாதி இதைப் போன்றதுதான். பெரும்பாலும் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் பற்றிய பத்து மசோதாக்கள். 2020 ஜனவரியிலிருந்து வரிசையாக ராஜ் பவனில் கிடந்தன. 2023 நவம்பரில் ஆளுநர் ஆர்.என். ரவி ஒப்புதலை நிறுத்திவைப்பதாகச் சொன்னார். பேரவை சிறப்புக் கூட்டம் கூட்டி மறுபடி நிறைவேற்றி அனுப்பியது. அவற்றை அவர் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கினார். 2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு இந்த ஒதுக்கல் சட்டவிரோதம் என்றது. 142இன் கீழ் பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றும் அறிவித்தது. சில நாட்களில் அவை அரசிதழில் சட்டங்களாக வெளிவந்தன. தீர்ப்பு அதோடு நின்றிருக்கலாம். ஆனால் நாட்டின் எல்லா ஆளுநர்களுக்கும், குடியரசுத் தலைவருக்கும்கூட, மாதக் கணக்கில் கெடு வகுத்தது. அரசமைப்பின் வாசகத்தில் இல்லாத கெடு. வகுத்தவர்கள் இரண்டு நீதிபதிகள். வழக்கில் ஒரு தரப்பாக இருந்த மாநிலம் தமிழ்நாடு மட்டுமே.

அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் ஜக்தீப் தன்கர் 142ஐ ஜனநாயக சக்திகளுக்கு எதிரான அணு ஏவுகணை என்று வர்ணித்தார். மிகை. தேர்தல் ஆணையர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் தலைமை நீதிபதியும் இருக்க வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, அவரை எடுத்துவிட்டு ஒன்றிய அமைச்சர் ஒருவரை உட்காரவைத்தது. சட்டம் இயற்றி அணைத்துவிடக்கூடிய ஏவுகணை எதுவும் உலகில் இல்லை.

2025 மே மாதம் குடியரசுத் தலைவர் பதினான்கு கேள்விகளை 143ஆவது பிரிவின் கீழ் அனுப்பினார். இம்முறை பல மாநிலங்கள் வாதாடின. நவம்பர் 20 அன்று தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான ஐவர் அமர்வு, கெடு விதிக்க முடியாது, 142இன் துணையோடு ‘ஒப்புதல் பெற்றதாகக் கருதுவது’ அரசமைப்பில் இடமில்லாதது என்று ஒருமித்துக் கருத்துச் சொன்னது. காரணமில்லாத நீண்ட மௌனம் நிலவினால், முடிவெடுக்கும்படி மட்டும் ஆளுநருக்கு உத்தரவிடலாம் என்று ஒரு சிறு கதவைத் திறந்து வைத்தது. பொதுக்கெடு கூடாது என்றதை ஏற்கிறேன். பத்து மசோதாக்களுக்கான நிவாரணத்தையும் அதே கூடையில் போட்டுத் தள்ளியதை ஏற்க முடியவில்லை. பேரறிவாளன் விஷயத்தில் ஆளுநரிடம் திருப்பி அனுப்பாதது சரி என்றால், தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பேரவை இரண்டாம் முறை நிறைவேற்றிய மசோதாவுக்கு மட்டும் ஏன் தவறு என்பதற்கு அந்தக் கருத்துரையில் எனக்கு நிறைவான பதில் கிடைக்கவில்லை.

இந்தக் குழப்பத்துக்கு நீதிமன்றமே 2024 பிப்ரவரி 29 அன்று ஒரு நல்ல வழியைக் காட்டியிருக்கிறது. உயர் நீதிமன்றங்களும் மற்ற நீதிமன்றங்களும் தந்த இடைக்காலத் தடைகள் ஆறு மாதத்தில் தானாகக் காலாவதியாகும் என்று 2018இல் ஓர் அமர்வு விதித்திருந்தது. வழக்கு தாமதமாக நடப்பதில் கட்சிக்காரரின் பங்கு என்ன என்றே பாராமல் லட்சக்கணக்கானவர்களின் பாதுகாப்பைப் பறிக்கக்கூடிய விதி. ஐவர் அமர்வுக்காக நீதிபதி அபய் ஓகா எழுதிய தீர்ப்பு அதை ரத்து செய்தது. வழக்கில் இல்லாத, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பே பெறாத பெருந்திரளான வழக்காடிகளின் உரிமையை 142ஐக் கொண்டு இல்லாமலாக்க முடியாது என்றது. 1989இல் இந்த வரி இருந்திருந்தால் போபால் உடன்பாடு அப்படி முடிந்திருக்காது.

ஆனால் ஐவர் எழுதியதை அடுத்த மாதமே இரண்டு நீதிபதிகள் தங்கள் வழக்குக்கு ஏற்றபடி வளைத்துப் படிக்கலாம். 1950இல் எட்டு இடங்களோடு தொடங்கிய உச்ச நீதிமன்றத்தில் 2019இல் 34 இடங்கள் ஆயின. அன்றாடம் நீதிபதிகள் இரண்டும் மூன்றுமாகப் பிரிந்து அமர்கிறார்கள். ஒவ்வோர் அமர்வின் கையிலும் 142 முழுதாக இருக்கிறது. அரசமைப்பின் பொருளை விளக்கும் முக்கியமான கேள்வி எழுந்தால் ஐந்து நீதிபதிகளுக்குக் குறையாமல் அமர வேண்டும் என்று 145ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு 1950 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. வழக்கில் இல்லாதவர்களைத் தொடும் எந்த 142 ஆணையும் அந்த வகைக் கேள்வியே. முன்னால் நிற்கும் ஒருவருக்கு நிவாரணம் தர இரண்டு நீதிபதிகள் போதும். அதைத் தாண்டிப் போகும் ஆணையைக் குறைந்தது ஐவர் கேட்டு, பாதிக்கப்படக்கூடியவர்களை அழைத்து விசாரித்துப் பிறப்பிக்க வேண்டும். இதற்கு அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை. தன் நடைமுறை விதிகளை வகுத்துக்கொள்ளும் அதிகாரம் அதே 145ஆவது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்திடமே இருக்கிறது. அதைப் பயன்படுத்தி இந்த விதியை அதுவே எழுதட்டும்.